ஓரிக்கு ஒரு கவசம்

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி வேட்டையில் விட்ட அம்பு ஒன்று யானையைச் சாய்த்தது. வாய் பிளந்த புலியைக் கொன்றது. புள்ளிக் கலைமானை உருட்டிவிட்டு, காட்டுப்பன்றியை வீழ்த்திவிட்டு, பக்கத்துப் புற்றில் கிடந்த உடும்பின் உடம்பில் தைத்து நின்றது. புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் காட்டும் வேட்டை இது.

1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக இரும்புக்கை மாயாவி வந்தபோது தமிழ்ப் பிள்ளைகளுக்குப் படங்களில் ஒரு சாகச நாயகன் கிடைத்தான். ஆனால் அப்படிப்பட்ட நாயகனுக்கு வேண்டிய எல்லாமே ஓரியிடம் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. நம்பமுடியாத ஓர் ஆற்றல், சொந்தமாக ஒரு மலை, தன் பெயரையே தாங்கிய ஒரு குதிரை, முள்ளூர் மன்னன் மலையமான் திருமுடிக்காரி என்கிற எதிரி. கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாத குணமும் இருந்ததால் கடையெழு வள்ளல்களில் ஒருவனாகப் பெயர் நின்றது. இல்லாதது உடுப்பு ஒன்றுதான். கழலும் கண்ணியும் அணிந்த வில்லாளியாகவே அவனை நாம் மனத்தில் வரைந்து வைத்திருக்கிறோம்.

இந்த அத்தியாயத்தில் அவனுக்கு ஒரு உடுப்பு தைப்போம். இன்று ஆய்வுக்கூடத்தில் இருப்பதும், இன்னும் இருபது முப்பது ஆண்டுகளில் வரக்கூடியதும் மட்டுமே அதில் இடம்பெறும். இயற்பியல் விதி எதையும் மீறக்கூடாது. உடுப்பு வேலை செய்ய வேண்டிய இடம் கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவுகள் போட்டால்தான் சாலை ஏறும் அளவுக்குச் செங்குத்தான மலை அது.

முதலில் அந்த அம்பைப் பார்ப்போம். ஓரியின் வில் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் மனிதக் கைக்கு எவ்வளவு வலுவான வில்லை வளைக்க முடியும் என்பதற்கு வேறோரிடத்தில் சான்று உண்டு. 1545இல் மூழ்கி, 1982இல் கடலடியிலிருந்து எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் ஏராளமான நெடுவில்கள் கெடாமல் இருந்தன. அவற்றில் கனமானவற்றை முழுக்க இழுக்க 700 நியூட்டன் அளவுக்கு விசை தேவைப்பட்டிருக்கும். 70 கிலோ மூட்டையைத் தூக்கும் விசை அது. அந்த விசை சுழியிலிருந்து படிப்படியாகக் கூடுகிறது, நாண் 60 சென்டிமீட்டர் பின்னே வருகிறது என்று வைத்தால் வில்லில் சேரும் ஆற்றல் சுமார் 210 ஜூல். இதில் மூன்றில் இரண்டு பங்குதான் அம்புக்குப் போகும். அதாவது ஏறத்தாழ 140 ஜூல்.

ஒரு ஆளைக் கொல்ல இது தாராளம். ஐந்து உயிர்களை ஊடுருவ நிச்சயம் போதாது. யானையின் தோலும் விலா எலும்பும் தசையுமே அந்த ஆற்றலைக் குடித்துவிடும். வன்பரணர் கவிஞர். தாம் கண்ட ஒரு வில்லாளியின் மீதான வியப்பை அவர் அளந்த விதம் அது. அதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் 140 ஜூல் என்ற எண்ணை மறக்க வேண்டாம். மலை ஏறும்போது அது மறுபடி வரும்.

எதிரியின் அம்பிலிருந்து ஓரியைக் காப்பது எப்படி? சங்க காலத்திலும் கவசம் இருந்தது. சோழன் முடித்தலைக் கோப்பெருநற்கிள்ளியைப் பாடும் புறநானூற்றின் 13ஆம் பாடலில் புலிநிறக் கவசம் வருகிறது. அம்புகள் அதைக் கிழித்துவிட்டிருந்தன என்பதையும் அந்தப் பாடல் சொல்கிறது. கவசத்துக்கும் அம்புக்கும் இடையிலான போட்டியில் அன்று அம்பு முந்தியிருந்தது.

இன்று குண்டு துளைக்காத சட்டை என்றதும் நினைவுக்கு வருவது கெவ்லார். 1965இல் டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெபனி குவோலெக் கண்டறிந்த இழை. அதை நெய்து பல அடுக்காக வைத்தால் கைத்துப்பாக்கிக் குண்டு நின்றுவிடும். குண்டை நிறுத்துவது அம்பை நிறுத்தாதா என்றால், நிறுத்தாமல் போகலாம் என்பதே பதில். 8 கிராம் எடையுள்ள கைத்துப்பாக்கிக் குண்டு நொடிக்கு 350 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் ஆற்றல் 490 ஜூல். 60 கிராம் அம்பு நொடிக்கு 60 மீட்டரில் வந்தால் வெறும் 108 ஜூல். ஆனால் எடையை வேகத்தால் பெருக்கி வரும் உந்தத்தைப் பாருங்கள். குண்டுக்கு 2.8, அம்புக்கு 3.6. அம்பை நிறுத்துவதுதான் கடினம். அதோடு குண்டின் மழுங்கிய ஈய முனை துணியில் பட்டதும் நசுங்கி விரிகிறது. பல இழைகள் ஒன்றுசேர்ந்து அதைப் பிடிக்கின்றன. அம்பின் கூர்முனை நசுங்குவதில்லை. இழைகளை விலக்கி நடுவே நுழைகிறது, அல்லது அறுத்துக்கொண்டு போகிறது. இதே காரணத்தால்தான் குண்டைத் தாங்கும் மெல்லிய சட்டைகள் பல, கத்திக் குத்தைத் தாங்குவதில்லை.

இழைகள் விலகாமல் பார்த்துக்கொள்ள ஒரு வழியை டெலாவர் பல்கலைக்கழகத்தின் நார்மன் வாக்னர் குழு அமெரிக்க ராணுவ ஆய்வகத்தோடு சேர்ந்து உருவாக்கியது. சோளமாவைக் கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து விரலை மெதுவாக விட்டால் உள்ளே போகும். ஓங்கிக் குத்தினால் கல்லாக நிற்கும். வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மாவுக்குப் பதில் நுண்ணிய சிலிக்கா துகள்களையும், தண்ணீருக்குப் பதில் உலர்ந்துபோகாத ஒரு திரவத்தையும் எடுத்து கெவ்லாரில் ஊறவைத்தார்கள். நடக்கும்போது துணி துணியாகவே வளைந்தது. கூர்முனை வேகமாகத் தாக்கிய நொடியில் துகள்கள் நெருங்கி இறுகி, இழைகளை இடம் பெயரவிடாமல் பிடித்துக்கொண்டன. ஓரியின் தோளுக்கும் முழங்கைக்கும் இதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். வில் வளைப்பவனின் தோள் தடையின்றித் திரும்ப வேண்டும்.

மார்புக்கு மட்டும் பீங்கான் தகடு. பீங்கான் கவசம் கூர்முனையை நொறுக்கிவிடும். நொறுங்கிய துண்டுகளைப் பின்னாலிருக்கும் இழை அடுக்கு பிடித்துக்கொள்ளும். மத்திய பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனமும் தில்லி ஐஐடியும் சேர்ந்து 2024இல் அறிவித்த அபேத் என்ற கவசச் சட்டை பாலிமர்களையும் போரான் கார்பைடு பீங்கானையும் கொண்டு செய்யப்பட்டது. இன்னும் மலிவான தகடு அலுமினாவில் கிடைக்கும். அலுமினா பாக்சைட்டிலிருந்து வருவது. பாக்சைட் கொல்லிமலையின் உயரங்களிலேயே இருக்கிறது; மேட்டூர் அலுமினிய ஆலைக்காக அங்கே தோண்டியும் எடுத்தார்கள். ஓரியின் கவசத்துக்கு அவன் மலையிலேயே மண் இருக்கிறது என்பது ஒரு நல்ல கற்பனை. ஆனால் அந்தப் பாக்சைட் படிந்திருப்பது மலையின் தலையில், மழைநீரை உறிஞ்சி ஓடைகளுக்கு விடும் இடத்தில். கவசத்துக்காக அதைச் சுரண்டுவதைவிட எடை குறைந்த போரான் கார்பைடை வெளியிலிருந்து வாங்குவது மேல்.

இதுவரை எதிரியை மட்டும் பார்த்தோம். மலையைப் பார்க்கவில்லை.

கொல்லிமலை பற்றிய சங்கப் பாடல்களில் ஓரிக்கு இணையாக இன்னொரு உருவமும் நிற்கிறது. கொல்லிப்பாவை. தெய்வம் சமைத்ததாகச் சொல்லப்படும் பெண் உருவம். நற்றிணையின் 201ஆம் பாடல் அதன் இயல்பை விவரிக்கும் விதம் ஒரு பொறியாளரை நிமிர்ந்து உட்கார வைக்கும். காற்று மோதி இடித்தாலும், மழை விரைந்து கொட்டினாலும், இடி சினந்து தாக்கினாலும், வேறு கேடுகள் பல வந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் தன் அழகிய வடிவம் மாறாத பாவை அது. இன்று நம் ராணுவத்துக்கு வாங்கும் மின்னணுக் கருவி ஒவ்வொன்றும் மழை, ஈரப்பதம், பூஞ்சை, அதிர்வு, மோதல் என்று சோதனைகளைக் கடந்துதான் வருகிறது. அந்தச் சோதனைப் பட்டியலோடு நற்றிணைப் பாடலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று பெரிய தூரமில்லை. ஓரியின் உடுப்புக்கு நான் வைக்கும் அளவுகோல் அந்தப் பாவைதான்.

கெவ்லார் இந்தச் சோதனையில் தடுமாறும். வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் வலுவைத் தின்கிறது, ஈரமும் ஆகாது. அதனால்தான் கவசச் சட்டைகளில் அதை நீர் புகாத உறைக்குள் அடைத்துத் தைக்கிறார்கள். மழைக்காலத்தில் நாள்கணக்கில் மூடுபனி இறங்கி நிற்கும் மலையில் இது பெரிய விஷயம். மிக நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆன உயர்வகை பாலிஎத்திலீன் இழை நீரை உறிஞ்சாது. தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு லேசானது. வலுவில் கெவ்லாருக்குக் குறைந்ததில்லை. 150 டிகிரியை நெருங்கும்போது உருகிவிடும் என்பது அதன் குறை. தீக்குள் நுழையும் நாயகனுக்கு அது ஆகாது. மழையில் நனையும் நாயகனுக்கு அதுவே சரி.

ஆனால் எந்த இழையானாலும், உடம்பை மூடினால் ஒரு கேள்வி எழுகிறது. உள்ளே பிறக்கும் சூடு எங்கே போகும்?

இதைக் கொஞ்சம் நிதானமாகக் கணக்கிட வேண்டும், ஏனென்றால் திரைப்படங்களில் யாரும் இதைக் காட்டுவதில்லை. ஓரியின் எடை 70 கிலோ என்போம். ஒரே ஒரு மீட்டர் உயரம் ஏற அவனுக்கு 686 ஜூல் வேண்டும். அவன் வில்லின் முழு வலுவோடும் பறந்த அம்பின் 140 ஜூல், அவனையே ஒரு படி உயரம்தான் தூக்கும். எதிரியின் அம்பைவிட மலை எவ்வளவு பெரிய எதிரி என்பது இங்கே தெரிகிறது. அடிவாரத்திலிருந்து உச்சிச் சமவெளிக்கு 1000 மீட்டர் ஏற வேண்டும் என்று எளிமைக்காக வைத்துக்கொள்வோம். மொத்தம் 6,86,000 ஜூல். மனிதத் தசை தனக்குக் கிடைக்கும் ஆற்றலில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். மீதி முக்கால் பங்கும் சூடு. ஆக அந்த ஏற்றத்தில் ஓரியின் உடம்புக்குள் ஏறத்தாழ 20 லட்சம் ஜூல் வெப்பம் பிறக்கும்.

70 கிலோ உடம்பின் வெப்பத்தை ஒரு டிகிரி உயர்த்த சுமார் 2,45,000 ஜூல் போதும். காற்றே புகாத உடுப்பில் ஓரி ஏறினால் அவன் உடல் வெப்பம் 8 டிகிரி கூடும். 37இல் தொடங்கி 45. பாதி மலையிலேயே அவன் நினைவிழந்து விழுவான். அதற்கு எதிரி யாரும் தேவையில்லை.

வெறும் உடம்போடு ஏறுகிறவருக்கு இந்த ஆபத்து ஏன் இல்லை என்றால், வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துப்போகும். ஒரு லிட்டருக்கும் குறைவான வியர்வை முழுதாக ஆவியானால் அந்த ஏற்றத்தின் சூடு முழுக்கத் தீர்ந்தது. கோடி ரூபாய் போட்டாலும் இதைவிடத் திறமையான குளிர்விப்பான் கிடைக்காது. ஆகவே ஓரியின் உடுப்பு செய்ய வேண்டிய முதல் வேலை, வியர்வையின் வழியில் குறுக்கே நிற்காமலிருப்பது.

நிலவில் நடந்தவர்களின் உள்ளாடையில் மெல்லிய குழாய்கள் தைத்து அவற்றில் தண்ணீரை ஓடவிட்டார்கள். உடம்பின் சூட்டை வாங்கிய தண்ணீர் முதுகுப் பெட்டியில் பனிக்கட்டியை வெற்றிடத்தில் ஆவியாக்கி ஆறியது. கொல்லிமலையில் வெற்றிடம் இல்லை, காற்று உண்டு. ஜப்பானில் கட்டட வேலைக்காரர்கள் கோடையில் இடுப்புப் பக்கம் இரண்டு சிறு விசிறிகள் பொருத்திய சட்டையை அணிகிறார்கள். விசிறி உள்ளே தள்ளும் காற்று வியர்வையைத் துடைத்துக்கொண்டு கழுத்து வழியாக வெளியேறுகிறது. கையடக்க மின்கலம் போதும். ஓரியின் மார்பில் தகட்டுக்கும் தோலுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விட்டு இப்படிக் காற்றை ஓடவிடுவேன். தகடு இல்லாத இடங்களுக்கு, ஸ்டான்ஃபோர்டில் யி சூய் குழு 2016இல் வெளியிட்ட நுண்துளை பாலிஎத்திலீன் துணி. நம் உடம்பு ஓயாமல் உமிழும் அகச்சிவப்புக் கதிரைப் பருத்தி தடுத்துவிடுகிறது. இந்தத் துணி வெளியே விட்டுவிடுகிறது. பருத்திக்குள் இருப்பதைவிடத் தோல் ஏறத்தாழ 2 டிகிரி குளிர்ச்சியாக இருக்கும். மூடுபனி நாளில் காற்று ஈரத்தால் நிறைந்து வியர்வை ஆவியாக மறுக்கும்போது அந்த 2 டிகிரிக்கு மதிப்பு அதிகம்.

அடுத்தது, உடுப்பே அவனைத் தூக்கி நடக்குமா? அமெரிக்கச் சிறப்புப் படைப் பிரிவு 2013இல் டாலோஸ் என்ற பெயரில் அப்படியொரு முழுக் கவசத்தைத் தொடங்கியது. பத்திரிகைகள் அதை அயர்ன் மேன் உடை என்றே அழைத்தன. 2019இல், நினைத்த முழு உடையைப் போர்க்களத்துக்குக் கொண்டுபோக முடியாது என்று முடித்துக்கொண்டார்கள். மின்சாரம் அதில் பெரிய முட்டுக்கட்டை. ஓரியும் 30 கிலோ உடுப்பும் சேர்ந்து 1000 மீட்டர் ஏறத் தேவை 272 வாட்-மணி. மோட்டார்களில் பாதி வீணானால் 550. இன்றைய லித்தியம் மின்கலம் கிலோவுக்கு 250 வாட்-மணி அளவில் தருகிறது. இரண்டேகால் கிலோவில் மலை ஏறிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் உண்மையான இயந்திர உடை ஏறும்போது மட்டுமா மின்சாரம் குடிக்கிறது? நிற்கும்போதும், சாயும்போது நிமிர்த்தும்போதும், அணிந்தவன் அடுத்து என்ன செய்வான் என்று கணித்துக்கொண்டே இருக்கும்போதும் குடிக்கிறது. நாள் முழுக்கக் காட்டில் திரிகிறவனுக்கு இது கட்டுப்படியாகாது. ஒரு கிலோ வேர்க்கடலையில் 6,500 வாட்-மணிக்கு மேல் இருக்கிறது. முக்கால் பங்கைத் தசை வீணடித்தாலும் அதே எடையுள்ள மின்கலத்தைவிட ஆறு மடங்குக்கு மேல் மிஞ்சும். மனிதனை நடத்த மனிதத் தசையே இன்னும் பல காலம் முன்னணியில் இருக்கும் என்பது என் கணிப்பு.

மின்கலமே இல்லாத உதவியும் உண்டு. 2015இல் ஸ்டீவ் காலின்ஸ், கிரெக் சாவிக்கி குழுவினர் கணுக்காலில் ஒரு சுருள்வில்லும் பிடிப்பானும் மட்டும் கட்டி, சமதள நடையின் ஆற்றல் செலவை 7 சதவீதம் குறைத்துக் காட்டினார்கள். சுருள்வில் தனக்குக் கொடுத்ததைத்தான் திருப்பித் தரும், எனவே ஏற்றத்தில் அது யாரையும் தூக்காது. இறக்கத்தில் கதை வேறு. ஆகாய கங்கை அருவிக்குப் போனவர்களுக்குத் தெரியும்: அறப்பளீசுவரர் கோயிலருகே தொடங்கும் படிகள் ஆயிரத்துக்கும் மேல், முதலில் இறங்க வேண்டும், குளித்த பிறகுதான் ஏற வேண்டும். இறங்கும்போது தொடைத் தசை உடம்பைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி, அந்த ஆற்றலையெல்லாம் சூடாக்கி வீணாக்குகிறது. கனடாவில் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ் டொனலன் 2008இல் முழங்காலில் பொருத்தும் ஒரு சிறு மின்னாக்கியைக் காட்டினார். கால் வேகம் தணியும் தருணத்தில் மட்டும் அது இயங்கி, இரண்டு காலிலுமாகச் சுமார் 5 வாட் தந்தது. படிக்கு 18 சென்டிமீட்டர் என்று 1000 படி இறங்கினால் 34 வாட்-மணி கைவசம். மூன்றில் ஒரு பங்கைப் பிடித்தால் 11. ஒரு கைப்பேசியின் முக்கால் சார்ஜ். திரும்ப ஏற உதவாது. சட்டை விசிறிகளைச் சுழற்றவும், முழங்காலின் வேலையைக் குறைக்கவும் உதவும். எனக்கு அது போதும்.

கைகளுக்கு வருவோம். ஸ்டான்ஃபோர்டில் எலியட் ஹாக்ஸ் 2014இல் பல்லியின் பாதத்தைப் பார்த்துச் செய்த பட்டைகளைக் கையில் பிடித்துக் கண்ணாடிச் சுவர் ஏறினார். கொல்லிமலையில் கண்ணாடிச் சுவர் ஏது? பாசி பிடித்த ஈரப் பாறையும் பொருக்குத் தட்டும் மரப்பட்டையும்தான். பல்லியின் பிடி அங்கே வழுக்கும். ஓரியின் அம்பு தங்கிய உடும்பிடம்தான் பாடம் கேட்க வேண்டும். அது நகத்தால் பிடிக்கும் விலங்கு. சொரசொரப்பான பரப்பில் நூற்றுக்கணக்கான நுண்கொக்கிகள் தனித்தனியே பள்ளம் தேடிப் பிடித்துக்கொள்ளும் பாதங்களை நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் தன் ஏறும் எந்திரங்களுக்குச் செய்திருக்கிறது. ஒரு கொக்கி நழுவினால் மற்றவை சுமக்கும். ஓரியின் கையுறையின் உள்ளங்கைக்கு அதுவே பொருத்தம், நாண் பிடிக்கும் மூன்று விரல்களை மட்டும் விட்டுவிட்டு.

ஆனால் இந்தக் கையுறையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஓரியைவிட மிளகு பறிப்பவர்கள்தான் கண்முன் வருகிறார்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி உச்சிவரை போகும். கணுக்களை மிதிபடியாக விட்டு வெட்டிய ஒற்றை மூங்கிலைச் சாய்த்து, இடுப்பில் பையோடு மேலேறிப் பறிக்கிறார்கள். ஓரி ஆண்ட அதே மலையில், ஒவ்வோர் அறுவடைக் காலத்திலும், கவசம் எதுவும் இல்லாமல். ஆகவே உடுப்பின் கடைசி உறுப்பை அவர்களை வைத்தே வடிவமைக்கிறேன்.

ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் தரையைத் தொட ஒரு நொடி ஆகும். அப்போது வேகம் நொடிக்கு 10 மீட்டர். உடம்பு 5 சென்டிமீட்டருக்குள் நின்றால் புவியீர்ப்பைப் போல 100 மடங்கு விசை எலும்பில் இறங்கும். 20 சென்டிமீட்டருக்குள் நின்றால் அது 25 மடங்காகக் குறையும். மோட்டார் பந்தய வீரர்களின் உடுப்பில் இருக்கும் காற்றுப்பை இப்படி நிற்கும் தூரத்தை நீட்டத்தான் முயல்கிறது. மோட்டோஜிபி பந்தயங்களில் 2018 முதல் அது கட்டாயம். நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் அது விரிந்துவிடும். ஒரு நொடி என்பது அதற்குத் தாராளமான அவகாசம்.

சிக்கல் வேறிடத்தில்: உடம்பு விழுகிறது என்று பைக்கு எப்படித் தெரியும்? விழுகிற உடம்பில் முடுக்கமானி ஏறக்குறைய சுழியைக் காட்டும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து வேண்டுமென்றே குதிப்பவரின் உடம்பிலும் 0.45 நொடிக்கு அதே சுழிதான். மூங்கிலின் கீழ்க் கணுவிலிருந்து குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் பை வெடித்து விரிந்தால் யாரும் மறுநாள் அதை அணியமாட்டார்கள். அரை நொடி பொறுத்துப் பார்க்கலாமென்றால், பாதியில் கிளை தட்டி உடம்பு சுழன்றதும் அளவீடு குழம்பும். உடம்பு சாயும் கோணம், காற்றழுத்தத்தில் தெரியும் உயர மாற்றம், மூங்கில் மிதியிலிருந்து கால் விலகிய விதம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்க உடுப்புக்குப் பயிற்சி தர வேண்டும். பந்தயச் சாலையில் சேர்த்த தரவு அதற்குப் பயன்படாது. மிளகுப் பருவத்தில், சில்வர் ஓக் மரத்தில், நாள் முழுக்க ஏறி இறங்குபவர்களின் சம்மதத்தோடு அவர்கள் இடுப்பில் உணரிகளைக் கட்டித்தான் அந்தத் தரவைச் சேர்க்க முடியும். அதற்குத் தேவையான முடுக்கமானியும் அழுத்தமானியும் இன்று சாதாரணக் கைப்பேசிகள் பலவற்றில் இருக்கின்றன.